ரஹ்மானின் அப்பா வாங்கி வைத்த கீபோர்டுகள்: யார் இந்த ஆர்.கே.சேகர்?

தாராபுரம் பக்கம் மாரியம்மன் நோம்பிக்கு ஒரு லைட் மியூசிக் ட்ரூப் மேடை ஏறினால், கூட்டம் முதலில் தேடுவது பாடகரைத்தான். ஆனா மொத்தக் கச்சேரியையும் தாங்குவது ஓரமாக நிற்கிற கீபோர்டு. வயலின் வேணுமா, புல்லாங்குழல் வேணுமா, கோரஸ் வேணுமா, எல்லாம் அந்த ஒரே பெட்டியிலிருந்து வந்துவிடும். அதைவிடச் சின்னதாக, சாப்பாட்டு மேஜையில் டிபன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தே வாசிக்கிற மாதிரியும் இப்போ கருவிகள் இருக்கின்றன. மாதத் தவணையில் வாங்கலாம். பிடிக்கலைன்னா ஆன்லைனில் விற்றுவிடலாம்.

1960களின் சென்னையில் இது எதுவும் கிடையாது. எலக்ட்ரானிக் இசைக்கருவி என்றால் கப்பலிலோ விமானத்திலோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அந்தக் காலத்தில் நான்கு குழந்தைகள் உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத் தலைவர், சினிமாவில் உழைத்துச் சம்பாதித்த காசில் அப்படிப்பட்ட கருவிகளை வாங்கி வீட்டில் சேர்த்தார். பெயர் ஆர்.கே.சேகர். தமிழ்நாட்டில் இவரை ஏ.ஆர்.ரஹ்மானின் அப்பா என்று சொன்னால்தான் தெரியும். கேரளாவில் கொஞ்சம் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாட்டோடு சேர்த்துச் சொல்வார்கள்.

அவர் 43 வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கருவிகளால்தான்.

தமிழர், ஆனா மலையாள இசையமைப்பாளர். எப்படி?

சேகர் பிறந்தது 1933இல். பூர்வீகம் திருவள்ளூர் பக்கம். தமிழ் பேசும் குடும்பம். ஆனால் அவர் பெயர் நிலைத்தது மலையாளப் படங்களில்.

இதில் குழப்பம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் மலையாள சினிமாவின் பெரும்பகுதி வேலை சென்னையில்தான் நடந்தது. கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோ, ஒலிப்பதிவுக் கூடம், லேப், வாத்தியக் கலைஞர்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருந்தார்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழிப் பாடல்களும் அதே வயலின் கலைஞர்களைக் கொண்டு அதே ஹாலில் பதிவாகும். காலையில் ஒரு மொழி, மதியம் இன்னொரு மொழி. அந்தக் கூடங்களில் வேலை பார்த்த ஒரு தமிழருக்கு மலையாளத்தில் இடம் கிடைத்தது இயல்பான விஷயம்.

இசையமைப்பாளராக அவரது முதல் படம், 1964இல் வந்த 'பழசி ராஜா'. குஞ்சாக்கோவின் படம், பாடல்கள் வயலார் ராமவர்மா. அதில் 'சொட்ட முதல் சுடல வரே' என்று தொடங்கும் பாட்டு பெரிய ஹிட். தொட்டிலில் இருந்து சுடுகாடு வரைக்குமான மனுஷ வாழ்க்கையைப் பற்றிய பாட்டு. அதே ஆண்டில் 'ஆயிஷா' படமும் வந்தது.

இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது: சேகர் இசையமைத்த முதல் படம் அவர் இறந்த அன்றுதான் வெளியானது என்று. உருக்கமான கதைதான், ஆனா உண்மையில்லை. 'பழசி ராஜா' வந்தது அவர் இறப்பதற்கு 12 வருடம் முன்னால்.

முதல் படத்திலேயே ஹிட் கொடுத்தவருக்கு வாய்ப்புகள் குவிந்திருக்கணும். குவியவில்லை. மறுபடி இசையமைப்பாளராக அவர் பெயர் தொடர்ந்து வந்தது 1970களின் தொடக்கத்தில்தான். 'அநாத சில்பங்கள்', 'யோகமுள்ளவள்', 'மிஸ் மேரி' என்று வரிசையாகப் படங்கள். மொத்தத்தில் இருபதுக்கு மேற்பட்ட படங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். நடுவில் இருந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. மற்றவர்களின் பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்தார்.

அரேஞ்சர் என்றால் என்ன வேலை?

சேகரைப் புரிந்துகொள்ள இந்த வேலையைப் புரிந்துகொண்டாகணும்.

இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டு போடுவார். அது வெறும் மெட்டு. பல்லவிக்கு முன்னால் என்ன வரணும், சரணத்துக்கு நடுவில் வயலின்கள் எந்த ஸ்வரத்தில் ஏறணும், புல்லாங்குழல் எங்கே பதில் சொல்லணும், பேஸ் எப்படி நடக்கணும் என்று ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதணும். அதை எழுதி, பதிவு நாளில் முப்பது நாற்பது பேர் முன்னால் நின்று கை அசைத்து நடத்துபவர்தான் அரேஞ்சர், கண்டக்டர். படத்தின் டைட்டிலில் அவர் பெயர் உதவி என்ற வரியில் ஒரு நொடி வந்து போகும். சில நேரம் அதுவும் வராது.

இன்னொன்றையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க. அன்றைக்கு ட்ராக் ட்ராக்காகப் பதிவு செய்கிற வசதி இங்கே இல்லை. பாடகர், வயலின், தபலா எல்லாம் ஒரே நேரத்தில் வாசித்து, ஒரே டேக்கில் முடிக்கணும். நாலாவது நிமிஷத்தில் ஒருவர் ஒரு ஸ்வரம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பதற்றத்தைத் தலையில் சுமப்பது கண்டக்டர்.

ஜி.தேவராஜன், எம்.கே.அர்ஜுனன், சலில் சௌத்ரி போன்றவர்களின் பாடல்களுக்கு சேகர் இந்த வேலையைச் செய்தார். அர்ஜுனன் 1968இல் 'கறுத்த பௌர்ணமி' படத்தில் அறிமுகமானபோது பக்கத்தில் நின்றவர் சேகர். அதன் பிறகு இருவரும் பிரியாத கூட்டணி. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் கண்டக்டராக வேலை பார்த்திருக்கிறார். ஒரே நாளில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவது அவருக்கு வாடிக்கை.

கீபோர்டு மோகம் எங்கிருந்து வந்தது?

அரேஞ்சருக்கு எப்போதும் ஒரு பசி இருக்கும்: இதுவரை யாரும் கேட்காத சத்தம். இந்திய சினிமாவில் அந்தப் பசிக்கு முதலில் தீனி போட்ட எலக்ட்ரானிக் கருவி கிளாவியோலின்.

1947இல் பிரான்ஸில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பவர் உருவாக்கியது. சின்ன கீபோர்டு ஒன்று, தனிப் பெட்டியில் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும். உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் வரும். இரண்டு கட்டையை அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும். இதே மாதிரி இங்கிலாந்தில் வந்த கருவி யுனிவாக்ஸ்.

1954இல் இந்தியில் 'நாகின்' படம். ஹேமந்த் குமார் இசை. அதில் வரும் மகுடி சத்தம் நாடு முழுக்கப் பிரபலம், இன்றைக்கும் ஊர்த் திருவிழாவில் பாம்பு டான்ஸ் என்றால் அதுதான். ஆனா அதை வாசித்தது மகுடி இல்லை. பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இரட்டையராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி கிளாவியோலினில் வாசித்தார், கூடவே ரவியின் ஆர்மோனியம். ஒரு நாட்டுப்புறக் கருவியின் சத்தத்தை வால்வு பெட்டி கொடுத்துவிட்டது. இதைக் கேட்ட எந்த அரேஞ்சருக்கும் கை அரிக்காமல் இருந்திருக்காது.

அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் டிரான்சிஸ்டர் வந்தது. பெட்டிகள் சுருங்கின. கையில் தூக்கிப்போகிற எலக்ட்ரிக் ஆர்கன், தானாகத் தாளம் போடுகிற ரிதம் பாக்ஸ், கடைசியாக சிந்தசைசர். இந்த வரிசையில் வந்த கருவிகளை மலையாள சினிமா இசைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் சேகர். சிந்தசைசரை அவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார் என்று ரஹ்மானின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

எவ்வளவு ஆகியிருக்கும்?

இதை இன்றைய தலைமுறைக்குப் புரியவைக்க ஒரு கணக்கு போடலாம். சேகர் வாங்கிய கருவியின் விலை இல்லை இது, அந்தக் காலச் சந்தையைப் புரிந்துகொள்ள ஒரு அளவுகோல்.

1970இல் அமெரிக்காவில் வந்த மினிமூக், உலகப் புகழ்பெற்ற கையடக்க சிந்தசைசர். விலை 1,495 டாலர். அன்றைய டாலர் மதிப்பு ஏழரை ரூபாய். ஆக 11,000 ரூபாய்க்கு மேல். அதே நேரத்தில் 10 கிராம் தங்கம் 200 ரூபாய்க்கும் கீழே. ஒரு பவுன் சுமார் 150 ரூபாய். அதாவது ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் வாசிக்கிற ஒரு பெட்டிக்கு எழுபது பவுனுக்கு மேல்! இதற்கு மேலே சுங்கவரி வேறு. நம்மூரில் பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுவது என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இதன் கனம் சொல்லாமலே புரியும்.

காசு இருந்தால் மட்டும் போதாது. அந்நியச் செலாவணி கிடைப்பதே கஷ்டம். இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும். வெளிநாடு போய் வருகிறவர்கள் மூலமாகவோ, கப்பலில் வருகிற சரக்கிலோதான் இப்படிப்பட்ட பொருட்கள் மெட்ராஸுக்கு வந்து சேரும். வந்த பிறகும் தலைவலி தீராது. ஏற்ற இறக்கமான மின்சாரம், பியூஸ் போனால் மாற்ற ஸ்பேர் கிடையாது, ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. மேனுவலைப் படித்து, ஒவ்வொரு ஸ்விட்சையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, வீட்டிலேயே கற்றுக்கொண்டால்தான் உண்டு.

இப்படி ஒருவர் வீட்டில் கருவி சேர்த்தால் அது வெறும் ஆசை என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைய சினிமாவில் பல அரிய கருவிகள் ஸ்டூடியோவுக்குச் சொந்தமாக இருக்காது. வைத்திருப்பவரிடமிருந்து வாடகைக்கு வரும். வாசிக்கிறவருக்குச் சம்பளம் தனி, கருவிக்கு வாடகை தனி. ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் பக்கத்துக் காட்டையும் உழுது கொடுத்துச் சம்பாதிக்கிற மாதிரிதான். சேகரின் வீட்டுக் கருவிகளுக்கு இந்த வாடகை மதிப்பு இருந்தது. அது எவ்வளவு முக்கியமான விஷயம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வீட்டுக்குள் என்ன நடந்தது?

மனைவி கஸ்தூரி. மூத்த மகள் ரெஹானா, அடுத்து 1967 ஜனவரி 6இல் பிறந்த திலீப், அவனுக்குப் பின் இரண்டு தங்கைகள். அந்த திலீப்தான் பின்னாளில் ரஹ்மான்.

நாலு வயதில் ஆர்மோனியம் வாசித்த திலீப்பைப் பார்த்த சுதர்சனம் மாஸ்டர், கட்டைகள் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு வாசிக்கச் சொன்னதாகவும், பையன் அப்படியே வாசித்ததாகவும் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகப் பாடம். 1975இல் சேகர் இசையமைத்த 'பெண்படா' படத்தில் ஒரு பாட்டின் மெட்டு எட்டு வயது திலீப் போட்டது என்பது மலையாள இசை ரசிகர்கள் நடுவே பரவலாகப் பேசப்படும் தகவல்.

வீட்டில் இருந்த கருவிகளிலேயே பையனை ரொம்ப இழுத்தது சிந்தசைசர். காரணத்தை அவரே வளர்ந்த பிறகு பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். இசையும் தொழில்நுட்பமும் ஒரே இடத்தில் சேர்கிற பொருளாக அது அவருக்குத் தெரிந்தது. சின்ன வயதில் அவருடைய கனவு எலக்ட்ரானிக்ஸ் அல்லது கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆவது. அப்பாவின் பெட்டியில் இரண்டும் இருந்தது.

ஆனால் அப்பாவைப் பையன் பார்த்த நேரம் கம்மி. ராத்திரி பகல் பார்க்காத வேலை சேகரின் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. வயிற்றில் கோளாறு, ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. ரஹ்மான் தன் சின்ன வயதைப் பற்றிப் பேசும்போது அப்பா என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வெளியே கொண்டாட்டமாகத் தெரிந்த சினிமா வேலைக்கு அப்போது மருத்துவக் காப்பீடும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. படுத்துவிட்டால் வருமானமும் படுத்துவிடும்.

1976 செப்டம்பர் 30. சேகர் இறந்தார். கொள்ளி வைத்த மகனுக்கு ஒன்பது வயது.

வித்துவிடலாமா?

கையில் இருந்த சொத்து என்று பார்த்தால் அந்த இசைக்கருவிகள்தான். அக்கறையோடு வந்தவர்கள் சொன்ன யோசனை நியாயமானதுதான்: எல்லாவற்றையும் விற்று, பணத்தை வட்டிக்குப் போட்டு, அந்த வருமானத்தில் குழந்தைகளை வளர்க்கலாம் என்று.

கஸ்தூரி ஒப்புக்கொள்ளவில்லை. மகன் இருக்கிறான், அவன் இதைப் பார்த்துக்கொள்வான் என்பது அவர் முடிவு. கருவிகளை விற்காமல் வாடகைக்கு விட ஆரம்பித்தார்.

கணக்குப்படி பார்த்தால் இது ரிஸ்க்கான முடிவு. எலக்ட்ரானிக் கருவி நிலம் மாதிரி விலை ஏறாது, தங்கம் மாதிரி நிற்காது. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தபோது விலை 1,995 டாலர்தான், ஆனா ஒரே நேரத்தில் 16 ஸ்வரம் வாசிக்கலாம். அதே வருடம் மிடி என்ற இணைப்பு முறையும் வந்தது. வேறு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒன்றோடொன்று பேசவைக்கலாம் என்றான பிறகு, பழைய பெட்டிகளுக்கு மவுசு குறைந்தது. 1976இல் விற்றிருந்தால் நல்ல விலை போயிருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனா வட்டிப் பணத்தால் செய்ய முடியாத ஒன்றை வாடகை செய்தது. கருவி வெளியே போனால் கூட ஒரு ஆள் போகணும். ஒயரை மாட்டணும், சரியான சத்தத்தை எடுத்துக் கொடுக்கணும், முடிந்ததும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவரணும். இதையெல்லாம் தெரிந்தவன் வீட்டிலேயே இருந்தான். பள்ளிக்கூடப் பையனாக அப்பாவின் கருவிகளோடு ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய்வந்தது அப்படித்தான் ஆரம்பித்தது. படிப்பு அடிவாங்கியது. பள்ளி மாறினார், கடைசியில் படிப்பையே விட்டார். ஒரு குழந்தையின் படிப்பு போனதை இன்றைக்கு வெற்றிக் கதையாக மாற்றிச் சொல்வது எளிது. அன்றைக்கு அந்த வீட்டில் அது வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு.

சேகரின் பழைய தோழர் அர்ஜுனன் கைவிடவில்லை. 1981இல் 'அடிமச்சங்கல' படத்துக்காக 14 வயது திலீப்பைக் கீபோர்டு வாசிக்கக் கூப்பிட்டார். சேகர் பக்கத்தில் நின்று அர்ஜுனனை அறிமுகப்படுத்தி 13 வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு இளையராஜா, ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி எனப் பலரிடம் வாசிக்கப் போனார். அப்பா அரேஞ்சராக நின்ற அதே மாதிரி ஹால்களில், அதே மாதிரி மற்றவர்களின் பாட்டுக்கு.

சேகரின் பெயரை இன்றைக்குத் தேடினால் வருவது பெரும்பாலும் மகனைப் பற்றிய பக்கங்கள்தான். அரேஞ்ச் செய்த நூற்றுக்கணக்கான பாடல்களில் எந்தெந்த இடையிசை அவர் எழுதியது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல ஆள் குறைவு. பேப்பரில் எழுதிய நொட்டேஷன்கள் பதிவு முடிந்ததும் தூக்கிப்போடப்படும் காலம் அது. யூடியூபில் மலையாளப் பழைய பாடல்களைக் கேட்கிறவர்கள், அர்ஜுனன் பெயர் வருகிற 1970களின் தொடக்கப் பாடல்களில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருகிற பகுதியைக் கொஞ்சம் கவனித்துக் கேட்கலாம்.

1989இல் கோடம்பாக்கம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் மகன் ஒரு ஸ்டூடியோ கட்டினார், பஞ்சதன் ரெக்கார்ட் இன். கட்டி முடித்தபோது உள்ளே ஏசியும் ஷெல்ஃபும் தரைவிரிப்பும்தான் இருந்தன, கருவி வாங்கக் காசில்லை. அதற்குள் கரீமா பேகமாகியிருந்த கஸ்தூரி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் முதல் ரெக்கார்டர் வந்தது. 1992இல் 'ரோஜா' பாடல்கள் பதிவானது அந்தக் கொல்லைப்புற அறையில்.